25,000 ரூபாய்க்குள் தம்பிக்கு ஒரு கையடக்க கேம் கருவி: எதை வாங்கலாம்?

தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் வீடு, நீங்கள் வேலை செய்வது கொழும்பில், தம்பி தரம் 8. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அவனுக்குக் கையில் பிடித்து விளையாடும் கேம் கருவி ஒன்று கொண்டுபோக வேண்டும், 25,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். பாவித்த பி.எஸ்.பி.யா (சோனியின் பழைய கருவி), பாவித்த நின்டெண்டோ சுவிட்ச் லைட்டா, "பத்தாயிரம் கேம்" என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம் வரும் சீனக் கருவியா என்று கேட்டிருக்கிறீர்கள், தங்கச்சி. அதோடு கடைசியில் ஒரு வரி: "வீட்டில் வைஃபை இல்லை, அம்மாவின் ஃபோன் மட்டும்தான், வாங்கினால் ரெண்டு வருஷமாவது ஓட வேண்டும்." எனக்கு அந்த வரிதான் முழுக் கேள்வியாகவும் தெரிந்தது. இணையம் இல்லாத லயத்து வீட்டில், கெட்டுப்போனால் பக்கத்து டவுனிலேயே திருத்திக்கொள்ளக் கூடிய கருவி எது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் ஹட்டனில் 14 வருஷமாக ஃபோன் ரிப்பேர் செய்கிறேன். கேம் கருவிகளும் மேசைக்கு வரும், மாதத்தில் ஐந்தாறு. ஒரு கருவி எப்படிக் கெடுகிறது, எந்தப் பாகம் இங்கே கிடைக்கும் என்பதைக் கைப்பழக்கத்தில் சொல்வேன். எந்த கேம் நல்ல கேம் என்று கேட்டால் அதைப் பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும். அந்த விஷயத்தில் என் பேச்சைப் பெரிதாக எடுக்காதீர்கள்.

காசை வெளியே எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. தம்பி கூட்டாளிகள் வீட்டில் எதை விளையாடிவிட்டு வந்து ஆசைப்படுகிறான் என்று மெதுவாகக் கேளுங்கள். ஃப்ரீ ஃபயர், பப்ஜி என்று சொன்னால் நீங்கள் எழுதிய மூன்றுமே அவனுக்கு ஆகாது. அவை நல்ல ஃபோனில், இணையத்தோடு ஓடுபவை. பி.எஸ்.பி.யிலோ விலை குறைந்த சீனக் கருவியிலோ அவை வரவே வராது, இதில் சந்தேகமே இல்லை. போன வருஷம் ஒரு அப்பா சம்பளக் காசில் வாங்கிய புதுக் கருவியைக் கொண்டுவந்து, "இதில் ஃப்ரீ ஃபயர் போட்டுத் தாங்க தம்பி" என்றார். பையன் பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். முடியாது என்று சொல்ல எனக்கு நேரமெடுத்தது. கார் ஓட்டுவது, சண்டை, ஃபுட்பால், குதித்துக் குதித்துப் போகும் பழைய கேம்கள் என்று சொன்னால் தொடர்ந்து வாசியுங்கள். கிரிக்கெட் மட்டும்தான் வேண்டும் என்றாலும் கொஞ்சம் யோசியுங்கள், பழைய கருவிகளில் கிரிக்கெட் கேம் மிகக் குறைவு.

சுவிட்ச் லைட்டை முதலில் முடித்துவிடலாம். 2019 செப்டம்பரில் அமெரிக்காவில் 199.99 டாலருக்கு வந்தது. டாலர் 300 ரூபாய் என்று கணக்குப் போட்டாலே 60,000 ரூபாய், வரியும் கடைக்காரர் லாபமும் சேராமல். யாராவது 25,000-க்கு ஒன்று தருகிறேன் என்றால் அதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது, கேமில் வரும் ஆளை நகர்த்தக் கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக்கின் கோளாறாக இருக்கும். விரல் வைக்காமலே ஆள் தானாக ஒரு பக்கம் நடந்துகொண்டிருப்பான். ஸ்டிக்கின் அடியில் உள்ள கரித்தடம் தேய்வதால் வருவது அது. பெரிய சுவிட்சில் இரு பக்கக் கைப்பிடியையும் கழற்றி மாற்றலாம், லைட்டில் ஸ்டிக் உடம்போடு சேர்ந்தது, முழுதாகத் திறக்க வேண்டும். திருத்த முடியும், நானே மாற்றியிருக்கிறேன், ஆனால் பாகம் கொழும்பிலிருந்து வர வேண்டும். அதைவிடப் பெரிய சுமை கேம் செலவு. நின்டெண்டோவின் சொந்த கேம் ஒன்று புதிதாகப் பெரும்பாலும் 60 டாலர், அதாவது 18,000 ரூபாய். கொழுந்து எடுத்து எத்தனை நாள் சம்பளம் விழுந்தால் அந்தக் காசு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நல்ல கருவிதான். உங்கள் கணக்குக்கு மட்டும் பொருந்தாது.

பி.எஸ்.பி. பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாறுவதும் அதில்தான் அதிகம், நல்லது அமைந்தால் சந்தோஷமும் அதில்தான் அதிகம். சோனி அதை 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளியிட்டது, 2014-இல் செய்வதை நிறுத்திவிட்டது. ஆக, இன்று கடையில் "புதுசு" என்று பளபளப்பாக வருவது அநேகமாகப் பழைய சர்க்கிட் பலகைக்குப் புது உடுப்புப் போட்டது. உடுப்புப் புதிதாக இருப்பது குற்றமில்லை. உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பின்பக்கம் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். 1000 என்று தொடங்கினால் தடித்த பழையது, 2000, 3000 மெல்லியவை. மெல்லியதில் 3000 நல்ல தேர்வு. ஈ1000 என்று ஒன்று இருக்கிறது, அதில் வைஃபை கிடையாது, பெட்டரியையும் மற்றவை மாதிரி மூடியைத் திறந்து மாற்ற முடியாது. அதை விட்டுவிடுங்கள்.

பிறகு பெட்டரி. நான் தொழில் பழகிய புதிதில் பாவித்த பி.எஸ்.பி. ஒன்று வாங்கினேன். பின்மூடி கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது. விற்றவர் "மூடி லூஸ்" என்றார், நானும் நம்பினேன். திறந்து பார்த்தால் பெட்டரி வீங்கியிருந்தது. வீங்கிய லிதியம் பெட்டரியைக் குத்தினாலோ அழுத்தினாலோ தீப்பிடிக்கும். மூடி மேசையில் தட்டையாக உட்காராத கருவியை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள். மெல்லிய பி.எஸ்.பி.க்கு வந்த அசல் பெட்டரியின் கொள்ளளவு 1200 எம்.ஏ.எச்., தடித்ததுக்கு 1800. அதே அளவுள்ள பெட்டரியில் 3600 என்று அச்சடித்து விற்பார்கள், அந்த உடம்புக்குள் அவ்வளவு அடங்காது. எண்ணைப் பார்த்துக் காசு கூடக் கொடுக்க வேண்டாம். இதெல்லாம் கையில் எடுத்துப் பார்த்தால் தெரிபவை. எந்தக் கண்ணுக்கும் தெரியாதது, மாற்றிப் போட்ட பெட்டரி எத்தனை மாதம் தாங்கும் என்பது. ஒன்றரை வருஷம் ஓடியதையும் பார்த்திருக்கிறேன், மூன்றே மாதத்தில் வந்ததையும் பார்த்திருக்கிறேன். அதனால் பி.எஸ்.பி. வாங்கினால் இன்னொரு பெட்டரிக்கும் காசு ஒதுக்கி வையுங்கள்.

நல்ல பக்கமும் இருக்கிறது. திரை 4.3 அங்குலம், கையில் பிடிக்க இன்றைக்கும் இதமான கருவி. சார்ஜ் ஏறுவது 5 வோல்ட்டில், யு.எஸ்.பி.யிலிருந்து அந்த வட்டப் பின்னுக்கு வரும் கேபிள் மலிவாகக் கிடைக்கிறது, பவர் பேங்கிலும் ஏற்றலாம். சின்ன அடாப்டர் ஒன்றுக்குள் சாதாரண மைக்ரோ எஸ்.டி. கார்டைப் போட்டுப் பாவிக்கலாம், சோனியின் பழைய மெமரி ஸ்டிக்கைத் தேட வேண்டியதில்லை. ஆனால் வாங்கும்போது நீங்களோ விஷயம் தெரிந்த ஒருவரோ அரைமணி நேரம் கையில் வைத்து விளையாடிப் பார்த்தால் மட்டும் வாங்குங்கள். படத்தைப் பார்த்து, பார்சலில் வரவழைப்பதாக இருந்தால் வேண்டாம்.

சில ஆயிரங்களுக்கு "400 கேம்" என்று விற்கும் சின்னச் சதுரக் கருவி உங்கள் கேள்வியில் இல்லை, இருந்தாலும் யாராவது கைகாட்டுவார்கள் என்பதால் சொல்கிறேன். அது 1980-களின் டி.வி. கேம்கள், பல கேம் ஒரே கேம்தான், பெயர் மாறி வரும். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சரி. உள்ளே இருப்பது பழைய நோக்கியா ஃபோன்களில் வந்த பி.எல்.-5சி வகைப் பெட்டரி, அதனால் எந்த டவுனிலும் திருத்தலாம் என்ற ஒரே ஒரு நல்லது உண்டு. தரம் 8 பையன் ஒரு வாரத்தில் மூலையில் போட்டுவிடுவான்.

இனி அந்தப் "பத்தாயிரம் கேம்" கருவிகள். ஒரே பெயரில் நல்லதும் கெட்டதும் கலந்து கிடக்கின்றன. ஆர்36எஸ் என்ற கருவிதான் இப்போது அதிகம் விற்கிறது. 3.5 அங்குலத் திரை, 640க்கு 480 புள்ளிகள், ஆர்.கே.3326 என்ற சிப், 1 ஜி.பி. ரேம், மெமரி கார்ட் போட இரண்டு துவாரம். வெளிநாட்டு இணையக் கடைகளில் 30 முதல் 45 டாலர் வரை போகும். முதல் பிளேஸ்டேஷன் காலம் வரையான கேம்களை அது சுகமாக ஓட்டும். பி.எஸ்.பி. கேம்களில் இலேசானவை மட்டும் ஓடும், கனமானவை இழுத்துக்கொண்டு நிற்கும். "பி.எஸ்.பி. கேம் எல்லாம் ஓடும்" என்ற விளம்பர வரி உண்மையில்லை. அதைவிடக் கொஞ்சம் விலை கூடியது ஆன்பர்னிக் என்ற நிறுவனத்தின் ஆர்.ஜி.35 எக்ஸ்.எக்ஸ். எச். அதே அளவு திரை, 3300 எம்.ஏ.எச். பெட்டரி, இன்னும் வலுவான எச்700 சிப், பி.எஸ்.பி. கேம்களில் பல இதில் ஓடும், வயர் ஒன்று மாட்டி டி.வி.யிலும் பார்க்கலாம். மியூ மினி பிளஸ் என்று ஒன்றும் பேசப்படும். அழகானது, ஆனால் ஸ்டிக் கிடையாது, பட்டன் மட்டும்தான். கார் கேம் கேட்கும் பையனுக்கு அது குறையாகத் தெரியும்.

ஆர்36எஸ்-இல் உள்ள தொல்லை, அதே உடம்பில் வேறு பலகை வைத்துச் செய்த போலிகள். வெளியே பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது. என் மேசைக்கு வந்தவற்றில் சிலவற்றைத் திறந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. போலி என்பதால் உடனே கெட்டுவிடும் என்றில்லை, விளையாடிக்கொண்டிருக்கும் வரை வித்தியாசம் தெரியாது. மென்பொருளும் கேமும் இருக்கும் மெமரி கார்ட் செத்த பிறகுதான் வலிக்கும். அசலுக்கு என்று இணையத்தில் கிடைக்கும் மென்பொருளைப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். ஆன்பர்னிக்கில் இந்தக் குழப்பம் குறைவு. அந்த ஒரு காரணத்துக்காகவே சில ஆயிரம் கூடக் கொடுக்கலாம் என்பேன்.

கார்ட் சாகும் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தக் கருவிகளோடு பெயரில்லாத மெமரி கார்ட் ஒன்று வரும், கருவியின் மிக மோசமான பாகம் அதுதான். மஸ்கெலியா பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தான், வாங்கி நாலு மாதம். கருவியில் ஒரு குறையும் இல்லை, கார்ட் மட்டும் போய்விட்டது. அவன் நாலு மாதம் விளையாடிச் சேமித்த இடமெல்லாம் அதில்தான் இருந்தது. புதுக் கார்ட் போட்டு ஓட வைத்தேன், அவன் முகம் தெளியவில்லை. எனவே வாங்கிய அன்றைக்கே, தெரிந்தவர் ஒருவரின் கணினியில் அந்தக் கார்டை முழுதாக இமேஜ் எடுத்து வையுங்கள். ஃபைல்களை மட்டும் இழுத்துப் போட்டால் போதாது, கார்ட் முழுவதும் அப்படியே ஒரே கோப்பாக வர வேண்டும். சான்டிஸ்க், சாம்சங் மாதிரி நல்ல கார்ட் ஒன்றை வாங்கி அதில் அந்த இமேஜை எழுதுங்கள். அந்தப் பெயர்களிலும் போலி உண்டு, எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் ஓடவிட்டால் 64 ஜி.பி. என்று எழுதியதில் உண்மையாக எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடும். கொழும்பில் இருக்கும்போதே இதை முடியுங்கள். தோட்டத்துக்கு வந்த பிறகு கணினி எங்கே தேடுவது?

சார்ஜ் செய்வதிலும் ஒரு விஷயம். இவற்றில் பலவற்றுக்கு இரண்டு முனையும் டைப்-சியாக உள்ள கேபிளைப் போட்டால் சார்ஜே ஏறாது, "புதுசு செத்துப்போச்சு" என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒரு முனை பழைய தட்டை யு.எஸ்.பி.யாக உள்ள கேபிளும், ஃபோனோடு முன்பெல்லாம் வந்த சாதாரண 5 வோல்ட் சார்ஜரும் போதும். அதிவேக சார்ஜரைத் தொடவே வேண்டாம்.

அந்தக் கார்டில் நிரப்பி வரும் கேம்கள் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். அவற்றில் பெரும்பாலானவை உரிமைக்காரரிடம் கேட்காமல் பிரதி எடுத்தவை. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தில் கணினி நிரல்களுக்கும் பதிப்புரிமைப் பாதுகாப்பு உண்டு. பாவித்த பி.எஸ்.பி.யோடு கார்டில் போட்டுத் தருவதும் அதே ரகம்தான். உங்களுக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை என்றால் வழி இல்லாமல் இல்லை. பழைய கருவிகளுக்கென்று ஆர்வலர்கள் தாங்களே செய்து இலவசமாகத் தரும் கேம்கள் நிறைய இருக்கின்றன. இந்தச் சீனக் கருவிகளில் போர்ட்மாஸ்டர் என்ற தொகுப்பைப் போட்டால் இலவச கேம்கள் பல ஓடும். பி.எஸ்.பி.க்கு அசல் தட்டுகள் பாவித்தவையாகக் கிடைக்கும். ஒரு பையனுக்குப் பத்தாயிரம் கேம் தேவையுமில்லை. என் கடைக்கு வரும் பிள்ளைகள் திரும்பத் திரும்ப விளையாடுவது ஐந்தோ ஆறோ கேம்தான்.

நீங்கள் யோசிக்காத ஒரு வழியையும் சொல்கிறேன். வீட்டில், சொந்தக்காரரிடம், உங்கள் பெட்டியில் ஓரம் வெடித்த பழைய ஆண்ட்ராய்ட் ஃபோன் ஒன்று கிடக்கிறதா? பெட்டரியை மட்டும் மாற்றி, சிம்மை எடுத்துவிட்டு, ஃபோனை இரு பக்கமும் பிடிக்கிற மாதிரி விரியும் கண்ட்ரோலர் ஒன்று வாங்கினால் அதுவே ஒரு கேம் கருவி. பி.எஸ்.பி. கேம்களை ஃபோனில் ஓட்டும் இலவச பி.பி.எஸ்.எஸ்.பி.பி. செயலி பழைய ஃபோன்களிலும் ஓடுகிறது, பெரும்பாலும் ஆர்36எஸ்-ஐ விட நன்றாகவே பி.எஸ்.பி. கேம்களை ஓட்டும். புளூடூத்தில் இணைவதைவிட டைப்-சியில் நேராகச் செருகும் கண்ட்ரோலர் நல்லது, பட்டன் அழுத்தியதும் ஆள் குதிப்பான். உங்கள் ஃபோன் மைக்ரோ யு.எஸ்.பி. என்றால் புளூடூத் கண்ட்ரோலர்தான் சுலபம். அம்மாவின் ஃபோனில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். நீங்கள் கொழும்பிலிருந்து எடுக்கும் அழைப்பு அந்த ஃபோனுக்குத்தானே வருகிறது.

நம் பக்கத்து ஈரத்தைப் பற்றிக் கொழும்புக் கடைக்காரர் சொல்லமாட்டார். மே கடைசியிலிருந்து தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் வாரக்கணக்கில் எதுவும் காய்வதில்லை. அந்த மாதங்களில் எனக்கு வரும் கருவிகளில் பாதிக்கு ஒரே நோய்: பட்டன் அடியில் உள்ள கறுப்பு ரப்பரும் பலகையின் தொடுமிடமும் ஈரத்தில் மங்கிப்போய், அழுத்தினால் ஒரு தடவை பிடிக்கும் இரண்டு தடவை பிடிக்காது. சுத்தம் செய்தால் சரியாகிவிடும், சின்ன வேலைதான். ஆனால் அதற்கு முன்னால் வீட்டில் செய்யும் வைத்தியம் கருவியைக் கொன்றுவிடும். அடுப்பு மேட்டில் காய வைக்கிறார்கள். தோட்டத்தில் நனைந்தது எல்லாம் அடுப்பு மேலேதானே காய்கிறது, அம்மாமாரைக் குறை சொல்ல முடியாது. சூட்டில் பெட்டரி வீங்கும், விறகுப் புகையின் கரி ஸ்பீக்கருக்குள்ளும் ஸ்டிக்குக்குள்ளும் போய் ஒட்டும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றில், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பை இரண்டு மூன்றைப் போட்டு, விளையாடாத நேரம் அதற்குள் வைக்கச் சொல்லுங்கள். அடுப்பு இல்லாத காம்பராவில் வைக்க வேண்டும். இடி முழங்கும் மாலைகளில் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். மின்னலில் சார்ஜரோடு சேர்ந்து போன கருவிகளை என்னால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

என் தம்பியாக இருந்தால் இப்படிச் செய்வேன். நல்ல பழைய ஃபோன் ஒன்று இருந்தால் கண்ட்ரோலர் வாங்கி, மிச்சக் காசைப் பத்திரப்படுத்துவேன். இல்லாவிட்டால் ஆர்.ஜி.35 எக்ஸ்.எக்ஸ். எச், அதோடு நல்ல மெமரி கார்ட் ஒன்று. இரண்டையும் சேர்த்து உங்கள் 25,000-க்குள் அடக்கப் பாருங்கள், விலை கடைக்குக் கடை மாறும், மூன்று இடத்திலாவது கேளுங்கள். மிஞ்சிப் போனால் ஆர்36எஸ், போலியாகக் கூட இருக்கலாம் என்று தெரிந்துகொண்டே. பி.எஸ்.பி., நேரில் பார்த்து மனதுக்குப் பிடித்தால் மட்டும்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா, கோட்டைப் பக்கம் முதலாம் குறுக்குத் தெரு இரண்டிலும் ஒரு நாள் காலாற நடந்து பாருங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள், பில்லில் கருவியின் பெயரையும் மாற்றித் தரும் நாட்களையும் கடைக்காரர் கையால் எழுதச் சொல்லுங்கள். ஏதாவது பிரச்சினை வந்து கடை கைவிரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி எண்ணில் சொல்லலாம், அதற்கும் அந்தப் பில்தான் வேண்டும். தீபாவளிக்கு முதல் நாள் அவசரமாக வாங்க வேண்டாம், இரண்டு வாரம் முன்னாலேயே வாங்கிவிடுங்கள். வாங்கிய பிறகு ஒரு வாரம் உங்கள் போர்டிங் அறையில் நீங்களே தினமும் விளையாடுங்கள். முழுதாக ஏற்றி முழுதாக இறங்கும் வரை எத்தனை மணி நேரம் என்று பாருங்கள், நாலு மணி நேரத்துக்குக் குறைந்தால் மாற்றிக் கேளுங்கள். எல்லா பட்டனையும், இரண்டு ஸ்டிக்கையும், ஹெட்ஃபோன் துவாரத்தையும் சோதியுங்கள். குறை தெரிந்தால் பஸ் ஏறி அரைமணியில் கடைக்குப் போய்விடலாம். தலவாக்கலையில் இருந்துகொண்டு அது முடியாது.